இடது பக்கம் பேசாத சவுண்ட் கார்ட்

எல்ல,
2023 ஒக்டோபர் 30

அன்புள்ள தங்கச்சி கனகத்துக்கு,

அண்ணன் கந்தப்பன் எழுதுவது. நான் நலம். நீயும் மகள் கிருஷாந்தியும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான்கு விடயங்கள் உள்ளன. எழுதும்போது எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. போனில் பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்பது.
2. கணினிக்குச் சவுண்ட் கார்ட் வாங்கிய விதம்.
3. அந்தக் கார்டில் உள்ள குறையும், அதற்காக நான் செய்திருப்பதும்.
4. ரயில்.

முதலாவது. உன்னோடு பேச எனக்கு மனமில்லை என்று நினைக்காதே. இப்போதெல்லாம் போனில் யார் பேசினாலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கிறது. போனை மாற்றினேன், சிம்மை மாற்றினேன். எல்லவில் ஹோட்டல்கள் பெருகியதால் லைன் பலவீனமாகிவிட்டது என்று நினைக்கிறேன். பதுளை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்திலிருந்தே போனை இடது காதில் வைத்து, வலது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்பதுதான் என் பழக்கம். இப்போது பேனா சும்மா நிற்கிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது. செப்டெம்பர் மாதம் விழுந்த பெரிய இடியில் என் கணினியின் சத்தம் போய்விட்டது. படம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் விஜேந்திரன் டோஹாவிலிருந்து வாயசைப்பது தெரிகிறது. பேத்தி தனுஜா நின்று ஏதோ பாடிக் காட்டுகிறாள். ஒரு சொல்லும் கேட்பதில்லை. நானும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பென்சன் விடயமாகப் பதுளைக்குப் போனபோது கிருஷாந்தி வேலை செய்யும் கணினிக் கடையில் ஏறி அவளிடம் சொன்னேன். "போர்டை மாத்த வேணாம் மாமா, தனியா ஒரு சவுண்ட் கார்ட் போட்டா போதும்" என்றாள். கொழும்பிலிருந்து எடுப்பித்து, பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினாள். எப்படிப் பொருத்துவது என்று ஒரு தாளில் படம் வரைந்து வைத்திருந்தாள். கணினியின் பெட்டியைப் பயந்து பயந்துதான் திறந்தேன். ஆனால் அவள் எழுதியபடியே செய்தேன். கார்ட் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சத்தமும் வந்தது.

மூன்றாவது. சத்தம் பாதிதான் வந்தது. ஹெட்போனை மாட்டினால் வலது பக்கம் மட்டும் கேட்கிறது, இடது பக்கம் ஒன்றுமில்லை. கணினியிலேயே இடது, வலது என்று தனித்தனியாகச் சோதிக்க ஒரு வசதி இருக்கிறது. இடது என்பதை அழுத்தினால் அமைதி. ஹெட்போனில் பிழையோ என்று புதிதாக இன்னொன்று வாங்கிவந்தேன். அதிலும் அப்படித்தான். ஆகவே பிழை கார்டில்தான். அப்போதுதான் கார்ட் வந்த பெட்டியைக் கவனித்தேன். சீல் வெட்டப்பட்டு, மேலே டேப் ஒட்டப்பட்டிருந்தது. யாரோ திருப்பிக் கொடுத்த பொருளைப் புதிதென்று அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. கடைக்குப் போய்க் கேட்கும் துணிவு எனக்கில்லை, உனக்குத் தெரியும். எனவே கடை முதலாளி லிங்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். கிருஷாந்தியின் பெயரை எழுதவில்லை. பற்றுச்சீட்டின் பிரதியை மட்டும் இணைத்தேன். அதில் அவளுடைய கையெழுத்து இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

நான்காவது. போன வாரம் தபால் கந்தோருக்கு ரயில் பாதை வழியாக நடந்து போனேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் போகிறோம். வளைவில் ரயில் ஹோர்ன் அடிக்காமல் வந்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள், இருவரும் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தோம். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். ஸ்டேஷன் மாஸ்டருக்கு முறைப்பாடு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

லிங்கத்துக்கு எழுதியது சரியா என்று ஒரு வரி எழுது. சரி என்றுதான் நினைக்கிறேன். உறுதியில்லை.

அன்புடன்,
அண்ணன்


கொஸ்லந்த,
2023 நவம்பர் 4

அண்ணே,

சரியான்னு கேட்டிருக்கீங்க. சரியில்ல.

புதன்கிழம அந்திக்கு புள்ள பையோட லயத்து வீட்டுக்கு வந்து நிக்கிது. "என்னாடி, லீவா?"ன்னு கேட்டேன். "ஆமாம்மா, மாமா குடுத்த லீவு"ன்னா. அப்பறமா ஒங்க கடிதாசி வந்துச்சு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

நீங்க கடைக்கு எழுதுன பெட்டிசத்த முதலாளி கவுண்டர்ல நின்னுகிட்டு சத்தமா வாசிச்சாராம். கடையில ஆளுங்க இருந்திருக்காங்க. ஒண்ணாவது, ரெண்டாவதுன்னு நம்பர் போட்டு எழுதியிருந்தீங்களாமே. ஒரு ஆளு, "என்னா முதலாளி, கோர்ட்டுல தீர்ப்பா?"ன்னு கேட்டாராம். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. "இந்த எல்ல கந்தப்பன் யாரு, தெரியுமா?"ன்னு முதலாளி கேட்டிருக்காரு. இவ பொய் சொல்ல மாட்டா. "எங்க தாய்மாமன்"னு சொல்லியிருக்கா. "சொந்த மாமனே பெட்டிசம் போட்டிருக்காருன்னா நான் எப்பிடிம்மா ஒன்ன நம்புறது?"ன்னு கேட்டு அனுப்பிட்டாரு. லயத்துப் புள்ளய கவுண்டர்ல வச்சா இப்பிடித்தான்னு பின்னால ஒருத்தர் சொன்னதும் இவ காதுல விழுந்திருக்கு.

அந்த சீல வெட்டுனது யாருன்னு கேக்குறீங்களா? இவதான். ஏன் வெட்டுனான்னு கேளுங்க. கொழும்பு சாமான்ல சிலது வேல செய்யாம வரும். அப்பிடி ஒண்ணு ஒங்க கைக்கு வந்தா நீங்க கடைக்கு வந்து கேக்க மாட்டீங்க, வாயத் தொறக்காம அப்பிடியே வச்சுகிட்டு இருப்பீங்கன்னு நெனச்சாளாம். அதனால கடையில இருக்குற மெசின்ல போட்டு, ரெண்டு பக்கமும் பாட்டு கேக்குதான்னு பாத்துட்டு, டேப் ஒட்டி அனுப்பியிருக்கா. நீங்க பயந்தவருன்னு நெனச்சு செஞ்சது. பயந்தவரு கையில பேனா இருக்குறத மறந்துட்டா.

இந்த மாசம் முடியிறதுக்குள்ள பெட்டிசம் பொய்யின்னு ஆனா வேல இருக்கு, இல்லாட்டி வேற ஆள் எடுப்பேன்னு சொல்லிட்டாரு. தோட்டத்துல இருந்து போயி அந்தக் கவுண்டர்ல நின்ன மொத புள்ள இவ. காலயில வேலைக்குப் பேர் பதிய பெரட்டுக்குப் போற பொம்பளைங்க கேக்குறாங்க, "என்னா கனகம், மக திரும்பி வந்திருச்சா?"ன்னு. நான் கொழுந்துக் கூடைய மாட்டிகிட்டு நடந்துர்றேன்.

புள்ள ஒண்ணு கேக்கச் சொன்னா. ஹெட்போன அந்தப் பக்கம் இந்தப் பக்கமா மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?

கோச்சிப் பாதையில நடக்காதீங்க. கோவம் வேற, இது வேற.

கனகம்


எல்ல,
2023 நவம்பர் 8

அன்புள்ள கனகம்,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பதிலையும் வரிசையாகவே எழுதுகிறேன். கோபப்படாதே, வேறு விதமாக எனக்கு எழுத வராது.

1. சீல் விடயத்தில் கிருஷாந்தி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். என்னைப் பற்றி அவள் நினைத்ததும் சரி. அதை வாசித்தபோது வெட்கமாக இருந்தது.

2. ஆனால் குறை இருப்பது உண்மை. கடையில் சோதித்தபோது நன்றாக இருந்து, பஸ்ஸில் குலுங்கிக் கெட்டிருக்கலாம். அப்படி நடந்திருக்கக்கூடும் என்று லிங்கத்துக்கு இன்னொரு கடிதம் எழுதத் தயார். குறையே இல்லை என்று மட்டும் எழுத முடியாது. சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகு பேச்சை மாற்றியவர்களின் வார்த்தைகளையெல்லாம் நான்தான் சிங்களத்தில் திருப்பிச் சொன்னேன். அந்த நேரங்களில் நீதிவான் அவர்களைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. எனக்குக் காதில் கேட்டதை நான் எழுதினேன். என் பிழைப்பே காதுதான், கனகம். அதையும் நம்பக்கூடாது என்றால் நான் எதை நம்புவது?

3. ஹெட்போனை மாற்றி மாட்டுவது பற்றி. அதில் இடதுக்கு ஒரு எழுத்தும் வலதுக்கு ஒரு எழுத்தும் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கின்றன. உற்பத்தி செய்தவன் காரணமில்லாமல் எழுதியிருக்க மாட்டான். தவறாக மாட்டி எடுக்கும் முடிவு முடிவாகாது. அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லலாமா என்று வாசல் வரை போனேன். கூச்சமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

தீபாவளிக்குக் கிருஷாந்திக்கு ஒரு உடுப்பு எடுத்து அனுப்பியிருக்கிறேன். தாய்மாமன் கொடுப்பது. அவள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அண்ணன்


கொஸ்லந்த,
2023 நவம்பர் 14

அண்ணே,

ஒங்க பார்சல திருப்பி அனுப்பியிருக்கேன். பிரிக்கல. சீல் அப்பிடியே இருக்கு, பாத்துக்கோங்க.

தீபாவளி அன்னிக்கு புள்ள பழைய உடுப்பத்தான் போட்டுகிட்டு கோயிலுக்கு வந்தா. அவ வயசுக்கு வந்தப்ப நீங்கதான் மாமன் சீர் கொண்டுவந்து, பெரட்டுக் களத்துல தட்டோட வரிசையா நடந்து வந்தீங்க. ஒங்களுக்குக் கூட்டத்துக்கு முன்னால நடக்க எவ்வளவு கூச்சம்னு எனக்குத் தெரியும். ஆனா நடந்தீங்க. அதே மாமன் பெட்டிசம் போட்டாருன்னு இப்ப சனம் பேசுது.

கோவமா ஒரு வார்த்த அவ சொல்லல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நேத்து என்கிட்ட பாஸ்போட் போட்டோவக் காட்டுறா. பெரகலயில ஒரு ஏஜென்சிக்காரன் வந்து ஆள் சேக்குறானாம், ஓமானுக்கு. வீட்டு வேலைக்கு. கம்பியூட்டர் படிச்ச புள்ள, அண்ணே. "அங்கயாவது மாமா எழுத மாட்டாரு"ன்னு சிரிக்கிறா. அந்த சிரிப்ப பாக்க முடியல. மாசக் கடைசிக்குள்ள கடையில கூப்பிடலன்னா பேர் குடுத்திருவேன்னு சொல்றா.

பஸ்ஸுல குலுங்குச்சு அது இதுன்னு முதலாளிக்கு எழுத வேணாம். ஒங்க கடிதாசின்னாலே இங்க எல்லாருக்கும் பயம்.

அந்த ஹெட்போன மாத்திப் போட்டுப் பாருங்க. பாத்துட்டு எனக்கு எழுதுங்க. பாக்கலன்னா எழுத வேணாம்.

கனகம்


எல்ல,
2023 நவம்பர் 17

கனகம்,

இம்முறை எண்கள் போடவில்லை.

பார்சல் வந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாற்றி மாட்டினேன். இடதுக்குரிய பக்கம் என் வலது காதில் இருந்தது. கணினியில் இடது என்பதை அழுத்தினேன். கேட்டது. மிகத் தெளிவாகக் கேட்டது. வலது என்பதை அழுத்தினேன். ஒன்றுமில்லை. புதிய ஹெட்போனையும் எடுத்து அப்படியே மாட்டிப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான்.

அதன்பின் போனை எடுத்து, பழக்கமில்லாத வலது காதில் வைத்து, நேரம் சொல்லும் இலக்கத்துக்கு எடுத்தேன். அந்தப் பெண் தண்ணீருக்குள்ளிருந்து பேசவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ என்னோடு போனில் பேசும்போது சத்தம் போட்டுத்தான் பேசுவாயா? எப்போதிலிருந்து?

இதை விஜேந்திரனுக்குச் சொல்லாதே. தெரிந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னை எங்காவது கொண்டுபோய் வைப்பான். நான் இங்கேயே இருக்க விரும்புகிறேன்.

லிங்கத்துக்கு எழுத உட்கார்ந்தேன். "ஐயா, எனது முன்னைய கடிதம் தொடர்பாக" என்பதற்கு மேல் ஓடவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அண்ணன்


கொஸ்லந்த,
2023 நவம்பர் 20

அண்ணே,

ஒங்க கடிதாசிய மலையில வச்சுத்தான் வாசிச்சேன். கூடைய எறக்கி வச்சுட்டு கல்லுல ஒக்காந்துட்டேன். கங்காணி, "என்னா கனகக்கா, எழவு சேதியா?"ன்னு கேட்டாரு. இல்ல, எங்க அண்ணன் ஒரு உண்மய எழுதியிருக்காருன்னேன்.

கேட்டதுக்குப் பதில் சொல்றேன். ஆமா. ரெண்டு வருசமா கத்தித்தான் பேசுறேன். ஒங்களுக்குப் போன் எடுக்கணும்னா லயத்த விட்டு தண்ணிப் பீலிப் பக்கம் போயிருவேன். பக்கத்துக் காம்பராக்காரி நாம ரெண்டு பேரும் சொத்துச் சண்ட போடுறோம்னே நெனச்சுகிட்டு இருக்கா. போன திருவிழாவுல பூசாரி ஒங்க இடப்பக்கம் நின்னு, "அண்ணாச்சி, அன்னதானத்துக்கு என்னா குடுக்குறீங்க?"ன்னு கேட்டாரு. நீங்க, "ஆமாமா, மழை வரும்போல"ன்னீங்க. கருமின்னு ஊருல பேசிக்கிட்டாங்க. எனக்கு அப்பவே தெரியும். கோர்ட்டுல பெரிய மனுசனா இருந்தவருகிட்ட காது போச்சுன்னு எப்பிடிச் சொல்றது? ஒரு வார்த்த சொல்லியிருந்தா புள்ளைக்கு இது வந்திருக்காது. அந்தப் பழியில பாதிய நான் எடுத்துக்கிறேன். மீதி ஒங்களுக்கு.

புள்ளகிட்ட சொன்னேன். அவளுக்கு மொதல்லயே சந்தேகம் இருந்திருக்கு. "கடைக்கு வந்தப்ப நான் இந்தப் பக்கம் நின்னு பேசுனா மாமா கேக்கல, அந்தப் பக்கம் போனா கேட்டாரு. அதான் மாத்திப் போடச் சொன்னேன். நேரா சொன்னா மாமா மனசு ஒடஞ்சு போயிரும்"ன்னா. வேல போன பின்னாலயும் ஒங்க மனசப் பாத்திருக்கா.

இப்ப நான் சொல்றதக் கேளுங்க. முதலாளிக்கு எழுத வேணாம். அந்தத் தாளக் கிழிச்சுப் போடுங்க. பத்துப் பேருக்கு முன்னால வாசிச்சுத்தான் புள்ளைய அனுப்புனாரு. நீங்க எழுதுனா அவரு மேசக்குள்ள போட்டுக்குவாரு. நேர்ல போங்க. ஆளுங்க இருக்குற நேரமாப் பாத்துப் போங்க. ஒங்க வாயால சொல்லுங்க. முப்பது வருசம் அடுத்தவன் பேச்ச சத்தமா சொன்னீங்க. ஒங்க பேச்ச ஒரு தரம் சொன்னா என்னா?

பஸ்ஸுல போங்க. அப்பிடியே ஆஸ்பத்திரியில காதையும் காட்டுங்க. விஜேந்திரன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.

கனகம்


எல்ல,
2023 நவம்பர் 25

அன்புள்ள கனகம்,

நேற்றுப் பதுளைக்குப் போய்வந்தேன்.

முதலில் ஆஸ்பத்திரி. இடது காதில் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை, வலதிலும் கிட்டத்துச் சத்தம்தான் விழுகிறது, தூரத்துச் சத்தம் குறைய ஆரம்பித்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். கருவி வைக்கலாமாம். அவர் சொன்னதை நான் மீண்டும் அவருக்கே சொல்லி, சரியா என்று கேட்டேன். பழக்கம்.

பிறகு லிங்கத்தின் கடை. எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் வெகுநேரம் இருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், ஆட்கள் போய்க் கடை காலியாகட்டும் என்றுதான் முதலில் காத்திருந்தேன். காலியாகியது. எழுந்தேன். அப்போது நீ எழுதியது நினைவுக்கு வந்தது. திரும்ப உட்கார்ந்து, கடை நிறையும்வரை இன்னொரு தேத்தண்ணி குடித்தேன்.

உள்ளே போனபோது, முன்பு கிருஷாந்தியிடம் வந்த ஆள் என்று லிங்கம் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. "முதலாளி, எனக்கு இடது காது கேட்காது. இந்தப் பக்கம் வந்து பேசுங்கள்" என்றேன். அந்த வசனத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். என் சொந்தக் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கடையில் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. கார்டில் குறையில்லை, சீலை வெட்டியது என் மருமகள், எனக்காகத்தான் வெட்டினாள், குறை என் காதில் இருந்தது, அதை அவள் தலையில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

"ஐயா, இத எழுதிக் குடுத்திருக்கலாமே, ஏன் இவ்வளவு தூரம்?" என்றார் லிங்கம்.

"அன்றைக்கு எல்லோருக்கும் கேட்கத்தானே வாசித்தீர்கள்? அதனால்தான்" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. மேசைக்குள்ளிருந்து என் கடிதத்தை எடுத்துக் கிழிக்கப் போனார். வேண்டாம் என்று வாங்கி, அதன் அடியில், "மேற்கூறிய குற்றச்சாட்டு தவறானது" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதை வாங்கி வாசித்தார். பிறகு என் வலப்பக்கம் நன்றாகக் குனிந்து, "திங்கக்கிழம வரச் சொல்லுங்க ஐயா" என்றார். "லயத்துப் பிள்ளை என்று பின்னால் பேச்சு வந்ததாமே?" என்றும் கேட்டுவிட்டேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று தெரியவில்லை. அவர் கையிலிருந்த கடிதத்தை மடிக்கத் தொடங்கினார். அங்கே நின்ற ஒரு பெண், ஸித்தி ஸுபைதா என்று பெயர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாளாம், "அந்தப் புள்ள நல்லா வெளங்கப்படுத்தும். நான் வந்தா அதத்தான் தேடுற" என்றாள். லிங்கம் அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

திங்கட்கிழமை போவதா, ஓமானுக்குப் பெயர் கொடுப்பதா என்பதைக் கிருஷாந்திதான் முடிவு செய்ய வேண்டும். அவள் சார்பில் நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கவுண்டரில் அவள் நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை என்று சொல். உடுப்புப் பார்சலை மறுபடி அனுப்புகிறேன். இம்முறை சீலை நானே வெட்டி, டேப் ஒட்டியிருக்கிறேன்.

விஜேந்திரனுக்கு நாளை ஞாயிற்றுக்கிழமை சொல்வேன். இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அவனுக்குச் சொல்வதற்கு முன் உனக்கு எழுத வேண்டும். இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதுகிறேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டருக்கான முறைப்பாட்டைக் கொடுத்துவிடலாம் என்று சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷனுக்கு முன்னால் போன் திருத்தும் றில்வானைக் கண்டேன். அன்றைக்கு என்னைக் கானிலிருந்து தூக்கிவிட்டவன் அவன்தான். ரயில் ஹோர்ன் அடித்ததா என்று அதுவரை நான் அவனிடம் கேட்டதேயில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. வலது காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு மெதுவாக, "சேர், அண்டைக்கு நான் கடைக்குள்ள இருந்தே எழும்பி ஓடி வந்தது அந்தச் சத்தத்துக்குத்தானே" என்றான்.

முறைப்பாட்டை அங்கேயே கிழித்துவிட்டேன். வீட்டுக்கு ரோட்டு வழியாக வந்தேன். இனியும் அப்படித்தான் வருவேன்.

என் முதல் கடிதத்தின் நான்காவது விடயம் தவறு, கனகம். ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டுதான் வந்தது.

அண்ணன்
கந்தப்பன்